தோசைக்கல் வண்டியின் பிரேக்

என் மச்சினன் ஓட்டிப்போன மோட்டார் சைக்கிளில் பிரேக் பிடிக்காமல் போனதற்கு நான்தான் காரணம். அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், அவனுடைய அப்பாவும் பெரியப்பாவும் என்னைக் கேட்டபோது, வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். அப்போது நான் ராசிபுரத்தில் குடியிருந்து ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தேன். நான் சொன்னால் அந்தக் குடும்பத்தில் மறுபேச்சு கிடையாது.

அந்தப் பொய்க்குப் பிறகும் என்னை உறவாக வைத்துக்கொண்டவர்களுக்கு நான் வாய்விட்டு நன்றி சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் நெருங்கிய சொந்தத்துக்குள் நன்றி சொல்வது வழக்கமில்லை. சொன்னால் வேற்று ஆளாகிவிட்டதுபோல் இருக்கும். அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சேலத்தில் ஆலை கட்டும் வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டுப் பொறியாளர் ஒருவரின் மகனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். அவர் ஊர் திரும்பியபோது, சுங்க வேலைகளை முடித்து அவருடைய ஜப்பான் வண்டியை நான் வாங்கிக்கொண்டேன். நம் வண்டிகளில் அந்நாளில் பிரேக் சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் மறைந்திருக்கும். இதிலோ முன்சக்கரத்தின் பக்கவாட்டில் வட்டமான இரும்புத் தட்டு ஒன்று வெளியே பளபளத்தது. கைப்பிடியை அழுத்தினால் குழாயில் உள்ள பிரேக் ஆயில் ஒரு பிஸ்டனைத் தள்ளும். அது அந்தத் தட்டைக் கவ்விப் பிடிக்கும். பேருந்து நிலையத்து டீக்கடைக்காரர் முதல் நாளே குனிந்து பார்த்துவிட்டு, “ஏனுங் சார், வண்டீலயே தோசைக்கல்லு வெச்சிருக்கறீங்க, மாவு எங்கீங்க வெப்பீங்க?” என்று கேட்டார். அதிலிருந்து ராசிபுரத்தில் அது தோசைக்கல் வண்டிதான். எனக்கு அதில் பெருமை உண்டு.

ஒரு நாள் அந்தத் தட்டின் ஓரத்தில் ஈரம் தெரிந்தது. பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும், சீல் என்பார்கள். ஆயிலை வெளியே விடாமல் அடைப்பது அதற்கு ஒரு வேலை. கைப்பிடியை விட்டதும் பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னுக்கு இழுத்துக்கொள்வது இன்னொரு வேலை. அது தேய்ந்துபோயிருந்தது. சேலத்திலும் நாமக்கல்லிலும் லாரிக்கு உண்டான சீல் எல்லாம் கிடைத்தது, இதற்குக் கிடைக்கவில்லை.

எங்கள் பகுதியில் ரப்பர் வளையம் கிடைக்கவில்லை என்றால் போகும் இடம் திருச்செங்கோடு. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளின் ஊர். எந்த அளவில் கேட்டாலும் அங்கே ஒரு சீல் இருக்கும். பம்பு செட்டுக்கு, மருந்தடிக்கும் இயந்திரத்துக்கு, ஏன், சமையல் குக்கருக்கே ரிக் சீலை மாட்டி ஓட்டியவர்கள் உண்டு. என் மனைவியின் பெரியப்பாவுக்கு அங்கே ரிக் லாரிகள் இருந்தன. அவர் பட்டறைக்குப் போய், கல்லூரியிலிருந்து எடுத்துச்சென்ற அளவுகோலால் ஒவ்வொன்றாக அளந்து, இம்மியும் பிசகாமல் பொருந்தும் இரண்டு வளையங்களை எடுத்துவந்தேன். எதற்கென்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த சீல் ரிக்கின் ஹைட்ராலிக் ஆயிலுக்காகச் செய்தது. பிரேக் ஆயில் வேறு வகைச் சரக்கு. ஒன்றில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் ரப்பர் மற்றதில் ஊறி உப்பிவிடும். வேதியியல் படித்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கும் சந்தேகம் வந்தது. அதனால்தான் ஒரு வளையத்தைப் பீக்கரில் பிரேக் ஆயில் ஊற்றி ஊறப்போட்டேன். மறுநாள் காலையில் அதை முதலில் பார்த்தது என் மனைவி.

“ஏனுங்க, இது ஊற வெச்ச சுண்டக்கடலையாட்டம் உப்பிக் கெடக்குதுங்களே. இதையா மாட்டப் போறீங்க?”

எடுத்து அளந்தேன். தடித்துத்தான் இருந்தது. கொஞ்சம் தடித்தால் இன்னும் இறுக்கமாக அடைக்கும், நல்லதுதான் என்று அவளுக்கு விளக்கம் சொன்னேன். விளக்கத்தில் பாதியை ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் பீக்கரைக் கழுவப் போய்விட்டாள். ஒரு வாரம் பொறுத்திருந்தால் வேறு வழி பார்த்திருக்கலாம். ஆனால் அந்த வாரம் அவள் பிறந்த ஊரான ஜேடர்பாளையத்துப் பக்கம் மாரியம்மன் நோம்பி, திருவிழா. தோசைக்கல் வண்டியில் போய் இறங்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

புழக்கடையில் சாக்கை விரித்து வேலையைத் தொடங்கினேன். துருப்பிடித்து இறுகியிருந்த பிஸ்டனைச் சைக்கிள் பம்பால் காற்றடித்து வெளியே தள்ளினேன். பள்ளத்தைச் சுரண்டித் துடைத்து, ஊறாத புது வளையத்தைப் பிரேக் ஆயில் தடவி உட்காரவைத்தேன். கடைசி வேலை குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்றுவது. அதற்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் கைப்பிடியை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கீழே திருகைத் திறந்து மூட வேண்டும். என் மனைவி சேலையைச் செருகிக்கொண்டு வண்டிப் பக்கத்தில் நின்றாள். நான் கீழே மல்லாந்து கிடந்தேன். எங்களுக்குள் தாளம் சேரவே இல்லை.

“அமுத்தறதா உடறதா, ஒண்ணச் சொல்லுங்க. ரெண்டையும் ஒண்ணாச் சொன்னா நான் எதைங்க பண்ணுவேன்?”

பக்கத்து வீட்டு அம்மாள் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, வாத்தியார் வீட்டில் பால் கறக்கிறார்களா என்று கேட்டார். என் மனைவி சிரித்த சிரிப்பில் பிடியை விட்டுவிட, ஆயில் என் மூக்கில் தெறித்தது. எங்கள் திருமண வாழ்வில் நான் மகிழ்ச்சியாக நினைத்துப் பார்க்கும் காலைகளில் அது ஒன்று. அதைச் சொல்லவும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, அதன் முடிவு அப்படி.

நோம்பியன்று நாமக்கல், பரமத்தி வழியாகப் போனோம். பிரேக் நன்றாகப் பிடித்தது. ஆனால் பரமத்தி தாண்டியதும் வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் கனத்தது. மாமனாரின் தோட்டத்து வீட்டில் இறங்கியதும் முன்சக்கரத்துத் தட்டின் மேல் தண்ணீரைத் தெளித்தேன். உண்மையிலேயே தோசைக்கல் போல் சுர்ரென்றது. சீல் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கவில்லை, பிரேக் விடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது என்று அந்த நொடியில் புரிந்தது. புது சீல், படிந்ததும் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குள் வண்டியைச் சுற்றி உறவினர் கூடிவிட்டார்கள். பிரேக்கை நானே பிரித்து மாட்டியதை நான் கதைபோல் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவியின் தம்பி, என் ஒரே மச்சினன், சாவியைக் கேட்டான். அப்பாவை உட்காரவைத்து பக்கத்தில் பரமத்தி வேலூர்ச் சந்தை வரை போய்ப் பூசைச் சாமான் வாங்கி வரவேண்டுமாம். அவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். டிராக்டரும் லாரியும் ஓட்டிப் பழகிய கை. அடுத்த மாதம் பெரியப்பாவின் புது ரிக் ஆந்திரா பக்கம் கிளம்புவதாகவும், அதைப் பொறுப்பேற்று நடத்தப் போவது அவன்தான் என்றும் பேச்சு முடிந்திருந்தது. அத்தனை பேர் முன்னால் பிரேக்கைப் பற்றிப் பெருமை பேசிவிட்டு, இப்போது ஓட்டாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாவியைக் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது, ராஜ வாய்க்கால் கரையோரத்து வளைவில் வாழைத்தார் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று குறுக்கே வந்தது. அவன் முன்பிரேக்கை அழுத்தினான். கைப்பிடி தடுப்பே இல்லாமல் போய் ஒட்டிக்கொண்டது. பின்பிரேக்கை மிதித்ததில் வண்டி வழுக்கிச் சாய்ந்தது. அவனுக்குச் சிராய்ப்புதான். என் மாமனார் வாய்க்கால் படிக்கல்லில் விழுந்து தொடையெலும்பு முறிந்தது. நாமக்கல் ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்து வீட்டுக்கு வந்தபோது அந்தக் கால் சற்றுக் குட்டையாகியிருந்தது.

விபத்துக்கு மறுநாள் காலையில் வண்டியைத் தோட்டத்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். மச்சினன் திரும்பத் திரும்ப, பிரேக் இல்லை, பிரேக் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தான். பெரியப்பா முன்பிரேக்கை அழுத்திப் பார்த்தார். கல்போல் நின்றது. இன்னொரு முறை அழுத்தினார். வண்டியைத் தள்ளிப் பார்த்தார், சக்கரம் அசையவில்லை.

“இதென்றா இது? நல்லாத்தானே புடிக்குது. வெசயா வந்திருக்கற நீயி.”

வேகமாக வந்தாய் என்கிறார். எனக்கோ காரணம் பிடிபட்டுவிட்டது. உரசிய சூட்டில் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டால் கைப்பிடி வெறுமனே போய்விடும். சூடு ஆறினால் ஆவி மறுபடி திரவமாகிப் பிரேக் பழையபடி பிடிக்கும். கொதிநிலை பற்றி ஆண்டுதோறும் முதல் வகுப்பில் நடத்துகிற பாடம். வாசலில் நின்ற அத்தனை பேரில் அவன் பொய் சொல்லவில்லை என்று அறிந்தவன் நான் ஒருவன்தான். பெரியப்பா என் பக்கம் திரும்பி, நீங்கதானே பிரிச்சு மாட்டுனீங்க, ஏதாச்சும் குறை இருந்துச்சுங்களா என்று மரியாதையாகக் கேட்டார்.

“இல்லீங்க. நல்லாத்தான் இருந்துச்சு” என்றேன்.

என் மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். ஊறி உப்பிய வளையத்தைப் பார்த்தவள் அவள். என்னைப் பார்த்தாள், பிறகு உள்ளே போய்விட்டாள்.

ரிக் வேறொருவர் பொறுப்பில் ஆந்திரா போனது. பெத்த அப்பனையே பத்திரமாக் கொண்டாந்து சேர்க்கத் தெரியாதவனிடம் அத்தனை ஆட்களின் உயிரை எப்படி ஒப்படைப்பது என்று பெரியப்பா கேட்டாராம். மாமனார் மகனோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். பெண் கொடுக்க வந்த ஓமலூர்க்காரர்கள் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டார்கள். அவன் அப்பாவைத் தூக்கி உட்காரவைப்பதும் வாழைக்குத் தண்ணீர் கட்டுவதுமாக இருந்தான். எந்த வண்டியையும் தொடவில்லை. பரமத்திக்குப் போவதென்றாலும் பேருந்துதான்.

நான் முதலில் குறுக்குவழியில் பரிகாரம் தேடினேன். திருச்செங்கோட்டுக்குப் போய், இளவயதில் எல்லோருக்கும் ஒரு தவறு நேரும், அவனுக்கு அடுத்த ரிக்கையாவது கொடுங்கள் என்று பெரியப்பாவிடம் பேசினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க வண்டியையும் கெடுத்து மாமனாரையும் தள்ளிவிட்டவனுக்காக இத்தனை தூரம் வந்து பேசுகிறீர்களே, இது யாருக்கு வரும் என்று நெகிழ்ந்துபோனார். கல்யாண வீடுகளில் என் பெருந்தன்மை பேசப்பட்டது. அதைக் கேட்டுக்கொண்டே நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பொங்கலுக்கு ஜேடர்பாளையம் போயிருந்தோம். மாலையில் நானும் மச்சினனும் தடுப்பணைப் பக்கம் நடந்தோம். தண்ணீரைப் பார்த்தபடி நின்றவன் திடீரென்று கேட்டான்.

“மாமா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். பயத்துல நாந்தான் பிரேக்க அமுத்தாம உட்டுட்டனோ என்னமோ. நெனச்சுப் பாத்தா எனக்கே இப்பத் தெரிய மாட்டேங்குது. அப்படி மறந்து போகுங்களா?”

அவன் கை மேல் அவனுக்கே நம்பிக்கை போய்விட்டது. ரிக்கும் பெண்ணும் போனதைவிட இது பெரிய சேதம். போகலாம் மாப்ளே, குளிருது என்று திரும்பிவிட்டேன். இன்றைக்கும் நான் அதிகம் வெட்கப்படுவது அந்த வார்த்தைகளுக்குத்தான்.

ராசிபுரம் திரும்பிய பேருந்தில் மனைவியிடம் அவன் கேட்டதைச் சொன்னேன். ஊர் நெருங்கி, ஆண்டகளூர் கேட் தாண்டிய பிறகுதான் அவள் பேசினாள்.

“அன்னிக்கே நான் சொல்லியிருப்பேனுங்க. எனக்கென்ன பயமா? நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்துட்டேன். இத்தன நாளா அதையேதான் நெனச்சுட்டு இருக்கறேன்.”

கோபமில்லாமல் சொன்னாள். தம்பி ஒரு பக்கம், கணவன் ஒரு பக்கம் என்று நிறுத்தப்பட்டு, நான் தானாகவே நேர்மையானவனாகிவிடுவேன் என்று அவள் எனக்காகக் காத்திருந்தாள். அவளே சொல்லியிருந்தால் உண்மை வெளியே வந்திருக்கும். நான் அப்படியேதான் இருந்திருப்பேன். அந்தக் காத்திருப்புக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

விபத்துக்குப் பிறகு லாரியில் ஏற்றி ராசிபுரம் கொண்டுவந்து போட்ட வண்டியை நான் எடுக்கவே இல்லை. பொங்கல் முடிந்து ஊர் திரும்பிய மறுநாளே அதன் பிரேக்கைப் பிரித்தேன். வளையம் கொழகொழவென்று பிதுங்கி, பள்ளத்தை விட்டு வர மறுத்தது. அதைத் துணியில் சுற்றிக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜேடர்பாளையம் போனேன். பெரியப்பாவையும் வரச்சொல்லியிருந்தேன். மாமனார் கட்டிலில் இருந்தார். மச்சினன் கதவோரம் நின்றான். சீல் எங்கே எடுத்தேன், ஊறப்போட்டுப் பார்த்தது, தட்டு சுட்டது, தெரிந்தே சாவி கொடுத்தது, தெரிந்தே பொய் சொன்னது, எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். அழக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். அழுதால் அவர்கள் என்னைத் தேற்றத் தொடங்கிவிடுவார்கள்.

பெரியப்பா வளையத்தை வாங்கி விரலால் நசுக்கிப் பார்த்தார்.

“இது நம்ம ரிக்கு ஜாக்கிச் சீலுங்களே. இதைக் கொண்டுபோயா பிரேக்குல போட்டீங்க? ஏனுங் மாப்பிள்ளை, காலேஜுல பசங்களுக்கு இதைத்தான் சொல்லிக் குடுக்கறீங்களாக்கும்?”

யாரும் சிரிக்கவில்லை. மாமனார் காலை நகர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு என்னிடம், “காலு போனாப் போவுட்டுங்க. இவங்கிட்ட நான் மொகங்குடுத்துப் பேசலீங்களே” என்றார். மகன் பக்கம் திரும்பி, “இங்க வா சாமி” என்றார். விபத்துக்குப் பிறகு அவர் அவனை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவன் வந்து கட்டிலோரம் நின்றான். அவர் கையை அவன் பிடித்துக்கொண்டான். என் பக்கம் பார்க்கவில்லை.

பெரியப்பா அங்கேயே அடுத்த ரிக் அவனுக்குத்தான் என்றார்.

“வேண்டாங்க பெரியப்பா. அன்னிக்கு என்ற பேச்ச நம்பலீங்க. இன்னிக்கு ஒரு ரப்பரப் பாத்து நம்பறீங்க. அது எனக்கு வேண்டாங்க” என்று சொல்லிவிட்டு வெளியே போனான். அவன் சொன்னது எனக்கும்தான்.

அதன்பின் உண்மையைச் சொல்ல உறவினர் வீடுகளுக்கு நான் நேரில் போனேன். ஓமலூரில் அந்தப் பெண்ணுக்கு வேறிடத்தில் முடிந்துவிட்டிருந்தது. நாமகிரிப்பேட்டையில் ஒரு வீட்டில் முழுவதையும் கேட்டுவிட்டு, மச்சினனுக்காகப் பழியை உங்க தலையில் போட்டுக்கறீங்க, உங்களை எங்களுக்குத் தெரியாதா என்று காப்பி கொடுத்தார்கள். படித்தவன் பொய் சொல்வான் என்பதை நம்பவைக்கவும் நான் பாடுபட வேண்டியிருந்தது. இது அவன் காதுக்குப் போய், போதும் மாமா, ஊர் ஊராப் போயி மானத்த வாங்காதீங்க என்று அக்காவிடம் சொல்லி அனுப்பினான். மாதக்கணக்கில் அவன் எனக்குச் சொல்லியனுப்பிய முதல் வார்த்தை அது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நாமக்கல்லில் ஒரு லாரிக்காரரிடம் டிரைவராகச் சேர்ந்தான். பெரியப்பாவின் பெயரைச் சொல்லாமல் போய்ச் சேர்ந்தான். நாக்பூர், பம்பாய் என்று ஓடினான். ஒரு தரம் பம்பாயிலிருந்து வந்தவன் எங்கள் வீட்டு வாசலில் லாரியை நிறுத்தி, அக்கா கையில் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். ஜப்பான் வண்டிக்கு உண்டான சரியான சீல். அங்கே பழைய வெளிநாட்டு வண்டிச் சாமான் விற்கும் தெருவில் தேடிப் பிடித்திருக்கிறான். உள்ளே எழுத்து எதுவும் இல்லை. அதை நான் உடனே மாட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டு புழக்கடையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சில ஆண்டுகளில் அவனுக்குச் சொந்த லாரி வந்தது. பரமத்தியில் பெண் கட்டியிருந்தான். லாரிக்குப் பூசை போட்ட அன்று நாங்களும் போயிருந்தோம். எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு லாரி நகர்ந்ததும், மாமனார் தானும் ஒரு சுற்று வருவதாகச் சொன்னார். கால் மடங்காததால் அந்த உயரத்துக்கு ஏற அவரால் முடியவில்லை. மேலேயிருந்து மகன் இழுக்க, கீழேயிருந்து நான் தாங்கி ஏற்றினேன். ஏறி உட்கார்ந்ததும், “நீங்களும் ஏறுங்க மாமா, எடம் இருக்குது. பிரேக்க நீங்க தொடாத வரைக்கும் பயமில்லீங்க” என்றான். பூசைக்கு வந்திருந்த கூட்டம் முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

வாய்க்கால் கரையோரமாகவே போனோம். அவன் நிதானமாக ஓட்டினான், முன்பு எப்படி ஓட்டினானோ அப்படி. வளைவுகளில் நான் என்னையறியாமல் காலை அழுத்திக்கொண்டேன். எனக்கும் அவனுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த என் மாமனார், முறிந்த காலை நீட்டி வைத்து, தலையை மகன் தோள் பக்கம் சாய்த்து, வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டு வந்தார்.